மாப்பிள்ளைக்கு விழுந்த மாலை

பரந்தாமனுக்குத் தன் கைகளைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது. அது முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ஆவடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளனாக வேலை பார்த்தே அவன் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இதயம் நின்று விழுந்தவர்களின் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பதுதான் அந்த வேலையிலேயே கடினமானது. மற்றவர்களும் அதைச் செய்தார்கள். பரந்தாமன் அதில் பெயர் எடுத்திருந்தான். அவசரப் பிரிவு நர்ஸ் பவ்யா ஒருமுறை, "பரந்தாமன் அண்ணன் அழுத்தினா மானிட்டர்ல கோடே தனியா தெரியும்" என்று யாரிடமோ சொன்னாள். சொன்னவள் மறந்துவிட்டாள். அவன் அந்த வாக்கியத்தை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தான்.

அப்படியிருக்கும்போதுதான் மிஷின் வந்தது.

முதுகுக்கடியில் ஒரு பலகை, அதிலிருந்து நெஞ்சுக்கு மேலே வளைந்து பூட்டிக்கொள்ளும் இரண்டு கைகள், நடுவில் ரப்பர் கிண்ணம் வைத்த ஒரு தண்டு. பொத்தானை அமுக்கினால் பேட்டரி தீரும்வரை அது ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கும். வண்டியில் பரந்தாமன் சாப்பாட்டுப் பை வைக்கும் இடத்தில் அதற்குத் தாங்கி அடித்தார்கள். பை கீழே போனது.

டிரைவர் மோகன் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தான்.

"நல்ல எடமா பாத்துக் குந்திக்கினு கீறாரு. வேளாவேளைக்கு சார்ஜ் போடணும். வேலைன்னா நாம தூக்கிகினு போவணும். மாப்பிள்ளை இல்லாம வேற இன்னா அண்ணாத்தே?"

மருத்துவமனையே சிரித்தது. பரந்தாமன் சிரிக்கவில்லை.

பயிற்சிக்கு வந்தவர் முதலில் எல்லோரையும் ஒரு பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னார். ஆழம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு, குறைந்தால் மஞ்சள். பரந்தாமனுக்குப் பச்சை எரிந்தது. சற்று நேரத்தில் மஞ்சளுக்கு மாறியது. "பொம்மைல கோளாறு" என்றான். அவர் மறுபேச்சில்லாமல் வேறு பொம்மை கொடுத்தார். அதுவும் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் காட்டியது. களைத்துப்போவது அழுத்துகிறவருக்கே தெரியாது, அதனால்தான் அடிக்கடி ஆள் மாற்றிக்கொள்ளச் சொல்வது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது பரந்தாமன் டீ குடிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்ததும் கேட்டான்: "இத்த மாட்டி முடிக்கிறதுக்குள்ள எத்தினி அழுத்து நின்னுபோவும்? அதுக்கு இன்னா சொல்றீங்கோ?"

நியாயமான கேள்வி. பயிற்சியாளரும் மழுப்பவில்லை. தரையில் கிடக்கும் ஆளுக்கு நல்ல கையைவிட மிஷின் அதிக உயிரைக் காப்பாற்றுவதாக ஆய்வுகள் நிரூபிக்கவில்லை, ஓடும் வண்டியிலும் படிக்கட்டிலும்தான் அது தேவைப்படும் என்றார். இதில் முதல் பாதியை மட்டும் பரந்தாமன் எடுத்துக்கொண்டான். மனிதன் தனக்கு வேண்டிய உண்மையை வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்வது புதிதில்லை.

ஒருநாள் காலை பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் நடேசன் என்பவர் விழுந்தார். ஓய்வு பெற்றவர், மகன் வாங்கிய ஃப்ளாட்டில் மனைவியோடு இருந்தார். பரந்தாமன் மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினான். வேர்வை மூக்கு நுனியிலிருந்து அவர் சட்டைமேல் சொட்டியது. ஷாக் கொடுத்தும் நாடி வரவில்லை. வண்டியில் ஏற்றும்போது மிஷினை மாட்டினார்கள். அதன்பின் மூச்சுக்குக் காற்றுப் பையை அமுக்குவதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. அவன் கை ஓய்ந்திருந்த அந்த நேரம் பார்த்து, மருத்துவமனை வாசலில் வண்டி திரும்பும்போது, நடேசனுக்கு நாடி வந்தது.

அவர் பிழைத்தார். பரந்தாமனுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதன் ஓரத்தில் ஏதோ அரித்தது. ஏரிக்கரையில் அவன் கை ரத்தத்தை ஓட்டாமல் இருந்திருந்தால் மிஷின் எதை அழுத்தியிருக்கும்? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வைத்திருந்தார்கள். நடேசனும் அவர் மனைவி சுலோசனாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சுலோசனா கையில் நல்ல கனமான சாமந்தி மாலை.

"எங்க வீட்டுக்காரர காப்பாத்தினது எதுப்பா?" என்றாள்.

'யார்' என்று கேட்டிருக்கலாம். அவள் 'எது' என்றுதான் கேட்டாள். மோகன் பரந்தாமனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, "இவருதான்மா, எங்க மாப்பிள்ளை" என்று மிஷினைக் காட்டினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி அதற்கு மாலை போட்டாள். கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நடேசன் பரந்தாமன் பக்கம் திரும்பி விலாவைத் தடவிக்காட்டினார். "இப்பவும் இருமினா வலிக்குது சார். ரெண்டு எலும்பு போயிடுச்சாம். மிஷின் வர்றதுக்கு முன்னாடி யாரோ கையால அழுத்தினாங்களாம். கொஞ்சம் பாத்து அழுத்தியிருக்கலாம்."

"ஆமா சார்" என்றான் பரந்தாமன். "பாத்து அழுத்தியிருக்கலாம்."

அவனுக்கும் ஒரு லட்டு கிடைத்தது.

அன்று இரவு கோவில்பதாகை வீட்டில் அவன் மனைவி ராணி கதையை முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "புருசன் ஊட்டுல சக்களத்திய பாத்த மாரி ஒரு இரும்ப பாத்து வயிறு எரியற ஆம்பளய நான் இப்பதான் பாக்குறேன்."

"எலும்ப நான் ஒடச்சேனாம், உசுர அது குடுத்துச்சாம். கேட்டியா நாயத்த?"

"கேட்டேன் கேட்டேன். லட்டு எங்க?"

அவன் அதை மோகனிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

மாலை இன்னும் முழுசாகக் காய்வதற்குள் திருநின்றவூரிலிருந்து அழைப்பு வந்தது. தினமும் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போகிற ஸ்ரீகாந்த் என்பவர், கிளம்பும் நேரத்தில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே விழுந்துவிட்டார். மாடி வாடகை வீடு. தெருவில் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

"மாப்பிள்ளைய தூக்கட்டா அண்ணாத்தே?" என்றான் மோகன்.

"வாணாம். மாடில எடம் பத்தாது. கை போதும்."

மாடியை அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை.

மேலே இடம் தாராளமாக இருந்தது. பரந்தாமன் அழுத்தினான், மோகன் காற்றுப் பையைப் பிடித்தான். ஷாக்குக்கு வழியில்லை, மானிட்டரில் கோடு தட்டையாகக் கிடந்தது. ஸ்ரீகாந்தின் மனைவி அகல்யா கதவைப் பிடித்தபடி நின்று அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கொண்டுபோகும் நேரம் வந்தபோதுதான் மோகன் கேட்டான்: "படி குறுகல். திருப்பம் வேற கீது. எறக்கிகினே எப்பிடி அழுத்துவ?"

பரந்தாமன் அழுத்திக்கொண்டே கதவுப் பக்கம் படியை எட்டிப் பார்த்தான்.

"போய் எட்த்துகினு வா."

மோகன் ஓடினான். காற்றுப் பையும் அழுத்துவதும் ஒருவன் தலையிலேயே விழுந்தது. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு தோள் கனத்தது. உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு முன்போல இறங்கவில்லை. யாரும் விளக்கு வைக்காமலே அவனுக்கு மஞ்சள் விளக்கு தெரிந்தது. வாசலில் பக்கத்து வீட்டு ஆள்கள் நின்றிருந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, "இப்பிடி அழுத்துங்க" என்று கைமாற்றியிருக்கலாம். புதிதாக வேலைக்கு வந்தவன்கூட அதைச் செய்திருப்பான். பெயர் எடுத்த கை இன்னொரு கைக்கு இடம் விடவில்லை.

மிஷின் வந்தது. பூட்டினார்கள். படியிலும் திருப்பத்திலும், தோண்டிய மண்ணைத் தாண்டும்போதும், அது ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே போனது. அதன் சத்தத்தில் களைப்பு இல்லை. பரந்தாமன் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

மருத்துவமனையில் டாக்டர் வெகுநேரம் முயன்றார். கடைசியில் கையை நீட்டி மிஷினை நிறுத்தினார். "மாசிவ் அட்டாக் பரந்தாமன். யார் என்ன செஞ்சிருந்தாலும் கஷ்டம்தான்" என்றார். அவர் இதை எல்லோரிடமும் சொல்வார் என்பது பரந்தாமனுக்குத் தெரியும்.

நடைபாதை பெஞ்சில் அகல்யா உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். அழுது முடித்த குரலில் கேட்டாள்: "அண்ணா, அந்த மிஷின முதல்லயே மேல கொண்டு வந்திருந்தா அவர் பொழச்சிருப்பாரா?"

"இல்லம்மா. தரையில படுத்திருக்கிறவருக்கு கையும் அதுவும் ஒண்ணுதான். ஆராய்ச்சியே அப்பிடித்தான் சொல்லுது."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் மிஷினை அவன் கீழே விட்டுப் போனதற்குக் காரணம் ஆராய்ச்சி இல்லை. ஒரு சாமந்தி மாலை. சரியான வாக்கியம் ஒன்று தவறான இடத்திலிருந்து புறப்பட்டு வந்தால் அது சரிதானா என்று அவனைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அவனே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அகல்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். யாருக்கும் மாத்தி விடாம நீங்க ஒருத்தரே அழுத்துனீங்க. எந்த மிஷினும் அந்த மாதிரி செய்யாதுண்ணா."

இத்தனை மாதமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. இப்போது அதை வாங்கி வைத்துக்கொள்ள இடமில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

வண்டியில் மோகன் மிஷினின் ரப்பர் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "தள்ளு, நான் தொடைக்கிறேன்" என்று பரந்தாமன் துணியை வாங்கினான். பூட்டும் இடத்தில் காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்துப் போட்டான். இதற்கு மாலை விழுந்ததும் தெரியாது. ஸ்ரீகாந்தின் நெஞ்சுமேல் இருந்ததும் தெரியாது. யாரும் இதன் கையைப் பிடித்துக்கொண்டு எதையும் கேட்கப்போவதில்லை. மாலை விழுந்த அன்றுகூட அதன்மேல் இவ்வளவு பொறாமை வந்ததில்லை.

மோகன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அடுத்த கேஸுக்கு மேல எட்த்துகினு போலாமா, வாணாமா?"

பரந்தாமன் மிஷினைத் தாங்கியில் வைத்து சார்ஜ் ஒயரைச் செருகினான்.

"எட்த்துகினு போலாம். நான் கேக்கலைன்னாலும் எட்த்துகினு வா" என்றான். கீழே கிடந்த சாப்பாட்டுப் பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னான்: "ஆனா மொதல்ல கை வெக்கிறது நான்தான். அது அப்பால."

முறையும் அதுதான். மோகன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினான்.