அம்மா பேரில் இருந்த இடம்

எங்களுக்குச் சொந்தமாக ஒரு இடம் இருக்கிறது என்று, மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளே, அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை. எங்கம்மாவே சிரித்தார்.

ஆரம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, தினமும் ரயிலில் போய் வருவார். அங்கே பெண்களுக்காக ஒரு மருத்துவ வண்டி வந்து, எல்லோருக்கும் மார்பைப் படம் எடுத்துப் பார்த்தது. அம்மாவின் படத்தில் மட்டும் உப்புத் தூவினது போலப் பொடிப்பொடிப் புள்ளிகள். பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். பால் வரும் குழாய்க்குள் சில உயிரணுக்கள் குணம் மாறியிருக்கின்றன, இன்னும் வெளியே பரவவில்லை, இது புற்றுநோயில் ஜீரோ ஸ்டேஜ் என்று டாக்டரம்மா சொன்னாராம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எங்கள் வீட்டில் யாரும் மார்பு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. 'அந்த இடம்' என்றுதான் பேசினார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வளர்ந்த பையனுக்கு இடம் என்றால் வேறு என்ன தோன்றும்? கம்பெனி கட்ட ஆட்கள் வந்து அளந்து எடுத்துக்கொள்வார்களே, அதுதான். அந்த வருஷம்தான் என் பக்கத்தில் உட்காரும் பையன் வீட்டு இடத்தை எடுத்திருந்தார்கள். அதனால் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மொத்தமாக எடுத்துவிடலாம், அல்லது கொஞ்சம் மட்டும் எடுத்துவிட்டு அஞ்சு வாரம் கரண்டு வைக்கலாம் என்று பேச்சு. புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சு வைத்தியத்தைக் கரண்டு வைப்பது என்று எங்கள் ஜனங்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த கரண்டு, மீட்டர் பெட்டியில் ஓடுகிற கரண்டு. அஞ்சு வாரமா ஆகும், லைன்மேன் சோம்பேறி போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா நேரத்துக்குச் செவ்வாப்பேட்டையிலிருந்து அத்தை வந்தார். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அக்கா. இட்லியைப் பிட்டபடியே பேச்சு தொடங்கியது.

"ஜீரோன்னா இன்னா? ஒன்னுமில்லன்னுதானே அர்த்தம்?" என்றார் நைனா. "ஒன்னுமில்லாததுக்கு இன்னாத்துக்கு அந்த இடத்துல கத்தி வெக்கணும்?"

"நீ சும்மா இருடா. மொத்தமா எடுத்துடட்டும். அரைகொறையா வுட்டா நாளைக்கு மறுபடியும் பேஜாரு," என்றார் அத்தை.

"பழைய தலகாணியா அண்ணி, தூக்கிப் போட?" என்றார் அம்மா. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே அம்மாவின் குரலும் இறங்கியது. "எனக்கே ஒன்னும் புரியல அண்ணி. எடுத்தாலும் பயமா இருக்குது, வெச்சிக்கினாலும் பயமா இருக்குது. சும்மா மட்டும் வுடக் கூடாது, மத்தபடி ரெண்டு வழியும் உயிருக்கு ஒரே மாதிரி நல்லதுதான், யோசிச்சிச் சொல்லுங்கன்றாங்க டாக்டரம்மா. ஒன்னு நல்லது, ஒன்னு கெட்டதுன்னா சட்டுனு சொல்லிடலாமே. ரெண்டும் நல்லதுன்னா எதச் சொல்றது?"

இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை குழப்பம் என்று எனக்குத் தோன்றியது.

"அந்த இடம் யார் பேர்ல இருக்குது?" என்று கேட்டேன்.

"இன்னாடா?" என்றார் நைனா.

"யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் நைனா சொல்லணும். என் ஃபிரண்டு ஊட்ல அப்பா, மாமா எல்லாரும் சரின்னாங்க. ஆனா இடம் அவங்கம்மா பேர்ல இருந்துச்சு. அவங்கம்மா கையெழுத்துப் போட்டப்புறம்தான் எடுத்தாங்க."

அத்தையின் கை இட்லியோடு அப்படியே நின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதற்குப் பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

"ஏம்பேர்லதான்டா இருக்குது," என்றார்.

நைனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "சரி, நீ இன்னா நினைக்கிற?" என்றார். அந்தக் கேள்வியை அவர் அன்றுதான் முதல்முறை கேட்டார் என்று அம்மா இப்போதும் சொல்வதுண்டு.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் மட்டும் எடுக்கட்டும். அஞ்சு வாரமும் போயி கரண்டு வெச்சிக்கிறேன். தெனம் ரயிலேறுறது எனக்கின்னா புதுசா? சரியா தப்பான்னு இப்பவும் தெரியல. ஆனா இது நான் சொன்னது."

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட அன்று நானும் கூடப் போயிருந்தேன். அம்மா ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். அந்தப் பேப்பரில் சர்வே நம்பரும் இல்லை, நாலு பக்க எல்லையும் இல்லை. நம்மை ஏமாற்றுகிறார்களோ என்று எனக்கு ஒரே சந்தேகம்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "நம்ம இடம் எங்கம்மா இருக்குது? எனக்குக் காட்டவே இல்லையே?"

அம்மா என் தலையை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். "நீ பாத்த இடம்தான்டா. பொறந்த புதுசுல ரெண்டு வருஷம் அங்கதான் குடியிருந்த."

நாங்கள் முன்னே குடியிருந்த பழைய வாடகை வீட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "அங்கதான் ஏற்கெனவே கரண்டு இருந்துச்சேம்மா?" என்று கேட்டேன்.