ஊசிக்கு முன் ஒரு விசாரணை

பல்கலைக்கழகத்தில் படித்த தாதி குத்தினால் நோகாது, அவுஸ்பில்டுங் செய்தவர் குத்தினால் நோகும் என்று நான் மனதார நம்பியிருந்தேன். என் பதினேழு வயது மகளோ, மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே தாதிமை பழகும் அந்த அவுஸ்பில்டுங்தான் வேண்டும் என்று நின்றாள். அன்றைக்குள் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் இடம் போய்விடும். எனக்கு நெஞ்சு படபடத்தது; மாரடைப்போ என்று பயந்தேன். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் டோர்ட்மண்ட் நகரின் மருத்துவமனைக்கு ஓடினேன்; ஒப்பந்தத்தோடு மகளும் பின்னால் வந்தாள்.

இரத்தம் எடுக்க வந்த தாதி நம்மவர். குட்டையாக வெட்டிய நரைமுடி. நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் படிச்சது யூனியிலையோ, அவுஸ்பில்டுங்கோ? மகளுக்காகக் கேக்கிறன்."

"இரத்தம் எடுத்தாச்சு, அண்ணை."

குனிந்து பார்த்தேன். குழாய் நிறைந்திருந்தது.

"நோகேல்லை. அப்ப யூனிதான்."

"மகளுக்கு எது விருப்பம்?"

"அவுஸ்பில்டுங்."

"பிறகேன் என்னை விசாரிக்கிறியள்? இந்தப் பஞ்சை அமத்திப் பிடியுங்கோ."

அவர் எங்கே படித்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் மகள் அந்தப் பஞ்சைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கையெழுத்து வைத்தேன்.