கோடுகளின் பின்னே போன கண்

மகளுக்கு மூன்று மாதம் ஆகியும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் குடிப்பாள், என் குரல் கேட்டால் காலை உதைப்பாள். கண்கள் மட்டும் என்னைத் தாண்டி எங்கோ நிற்கும். சிவப்புப் பந்தை முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காது.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காலம். பயப்பிடாதையும்" என்பார் கணவர். ஆனால் ஒரு நாள் காலை, நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் கைப்பேசி வெளிச்சத்தை அவள் முன்னால் இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அணைத்துவிட்டார். அன்றைக்கே மருத்துவரிடம் சொன்னோம்.

லண்டன் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதித்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். கைப்பிடி வைத்த ஓர் உருளையை எடுத்தார். பால்மா டின் அளவு இருக்கும், சுற்றிவரக் கறுப்பும் வெள்ளையுமாக நெடுங்கோடுகள்.

"மடியில வச்சுக்குங்க. பேச வேண்டாம், குரலுக்குத் திரும்பிடுவா."

உருளையைச் சுற்றினார். மகளின் கண்கள் அசையவில்லை. அவர் அதை இன்னும் கிட்டக் கொண்டுவந்து மெதுவாகச் சுற்றினார்.

கண்கள் வழுக்கின. கோடுகளோடு சேர்ந்து வலப்பக்கமாக மெல்லப் போய், சட்டென்று பின்னால் துள்ளி, மறுபடி வழுக்கின. அவர் உருளையை எதிர்த்திசையில் திருப்பினார். கண்களும் திசை மாறின.

"பாக்குறா" என்றார் அவர். "கோடு தெரியாட்டி கண்ணு இப்படிப் போகாது."

"அவ வேணுமெண்டோ பாக்கிறா?" என்று கேட்டார் கணவர்.

"இல்ல, இதுக்கு விருப்பம் தேவையில்ல. அசைவைப் பாக்குறதுக்குன்னே மூளையில நரம்பணுக்கள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தெரியுறது ஒரு துண்டுதான், சாவித் துவாரத்துல பாக்குற மாதிரி. ஒண்ணு சொல்றது இன்னொண்ணோட ஒத்துப்போகாது. எல்லாத்தையும் சேர்த்து, இதுதான் திசை, இதுதான் வேகம்னு மூளை முடிவு பண்ணும். கண்ணு அதும்படி போகும், பல நேரம் நமக்குத் தெரியிறதுக்கு முந்தியே. குரங்குகளுக்கும் இப்படித்தான்."

"அப்ப நல்ல குரங்குக்குட்டிதான்" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது, முகம் பார்க்க இன்னும் கொஞ்சக் காலம் ஆகலாம் என்று அவர் எச்சரித்தார். நான் தலையாட்டினேன். உண்மையில் அந்தச் சிறு கண்களைத் தவிர வேறெதிலும் என் மனம் இல்லை. இந்த உலகத்தில் தாயின் முகம் எதுவென்றே அறியாதவள், ஓடும் கோட்டைத் துரத்த அறிந்திருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது? நான் வயிற்றில் சுமந்தபோது எனக்குத் தெரியாமலே எவ்வளவு வேலை நடந்திருக்கிறது!

சட்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் கணவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்களும் ஓடிக்கொண்டிருந்தன. வழுக்கல், துள்ளல், வழுக்கல்.

"உங்கடை கண்ணும் ஓடுது."

"சும்மா இரும். நான் ஆடாமல் அசையாமல் எல்லோ இருக்கிறன்."

எதிர் இருக்கைக்காரரின் கண்களைப் பார்த்தேன். அவருக்கும் அதேதான். பெட்டி நிறைய மனிதர்கள், ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொருவர் கண்ணும் லண்டனின் சுவர்களைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து இருந்ததில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு மத்தியானம், படுக்கை விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் கிடந்த மகள் விரிப்பின் பின்னால் கண்ணை ஓட்டினாள். விரிப்பு தாழ்ந்தது. அவள் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. பிறகு சிரித்தாள்.

"இஞ்சை ஓடி வாங்கோ!"

கணவர் ஓடிவந்தார். "என்னையும் பாக்கிறாவோ?"

அவர் பார்க்கட்டும் என்று நான் ஒரு பக்கமாக விலகினேன். மகளின் கண்கள் அவரை விட்டுவிட்டு என் பின்னால் வந்தன.