கிராஷ் மரம்

இன்று காலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரப்பட்டறையில் ஒரு பலகை அடுக்கு சரிந்து விழுந்தது. இந்தத் தம்போய் ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பட்டறையோடு எனக்கு ஓயாத சண்டை. காயப்போட்ட துணியிலெல்லாம் மரத்தூள். ஆனால் இன்று திட்ட வாய் வரவில்லை. சத்தம் அடங்கிய கையோடு வாசனை வந்துவிட்டது. பச்சை மரம் பிளந்த வாசனை, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பிசின். கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது தனிக் கதை.

பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். விடுமுறையில் வீட்டில் இருந்தாள். வேலியோரம் ஓடிவந்து, "அலமாக், என்னா கிராஷ் ஆண்ட்டி! நெஞ்சே நின்னுருச்சு லா," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கு உங்க புத்தகத்துல என்னா அர்த்தம் போட்டிருக்காங்க?" என்றேன். அவள் சளைக்காமல் அகராதியை எடுத்துவந்து வாசித்தாள். பெருஞ்சத்தத்தோடு நொறுங்குவது. மோதிக்கொள்வது. விமானம் விழுவது. வியாபாரம் ஒரேயடியாகப் படுத்துவிடுவது. எல்லாம் சரிதான். ஆனால் அதை எழுதியவர் குளுவாங் பக்கம் வந்ததே இல்லை, அது மட்டும் நிச்சயம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் சொல் அதுதான். 'குட்மார்னிங்' எல்லாம் அப்புறம் வந்தது. நானும் என் அக்கா செல்லாயியும் நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, குளுவாங்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் கும்பலில் சேர்ந்திருந்தோம். அவளுக்குப் புருஷன் முத்தன் இருந்தார். எனக்கு அவள் மட்டும்தான் இருந்தாள். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். இருந்த தோட்டம் போதாதென்று பக்கத்துக் குன்றின் காட்டையும் அழிக்கத் துரை முடிவு செய்தார்.

காட்டை அழிப்பது என்றால் நான் ஒவ்வொரு மரமாக வெட்டிச் சாய்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. அந்த வேலைக்கு வந்த ஜாவாக்காரர்கள் குன்றின் அடிவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். வெட்டுவாய் எல்லாம் பள்ளத்தைப் பார்த்து இருக்கும். ஒரு மரமும் விழாது. வாரக்கணக்கில் அந்தக் குன்று முழுவதும் பாதி கழுத்தறுபட்ட மரங்கள் பச்சை இலையோடு நின்றன. உச்சியில் இருந்தவற்றில் பெரிய மரம் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதைத் தள்ளினால் அது கீழே உள்ளவற்றின் மேல் விழும், அவை அவற்றுக்குக் கீழே உள்ளவற்றின் மேல். மொத்தக் காடும் ஒரே மூச்சில் படுத்துவிடும்.

துரை அதைக் கங்காணிக்கு விளக்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்கி, "கிராஷ்!" என்று கீழே இறக்கிக் காட்டினாராம். அவ்வளவுதான், தோட்டமே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. உச்சி மரம் 'கிராஷ் மரம்' ஆயிற்று. அது விழப்போகும் நாள் 'கிராஷ் நாள்'. குழாயடியில் ஒருத்தி பானையைப் போட்டு உடைத்தால் கிராஷ். மாமியாரும் மருமகளும் மயிரைப் பிடித்துக்கொண்டால் அதுவும் கிராஷ். நான்கூட ஒருமுறை சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டேன்.

பெண்களாகிய எங்களுக்கு அந்தக் காட்டில் வேறொரு காரியம் இருந்தது. கோடரி வெட்டும்போது தெறிக்கும் சிராய், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், மரத்தடியில் குவிந்து கிடக்கும். அடுப்புக்கு அதைப்போல ஒன்று கிடையாது. உள்ளே போகக்கூடாது என்பது உத்தரவு. போகாதவள் ஒருத்தி கிடையாது. சண்டை வராமலிருக்க, ஒவ்வொருத்தியும் பழஞ்சேலையில் ஒரு கிழிசலை எடுத்துத் தன் மரத்தில் கட்டிவிடுவாள். துணி கட்டிய மரத்துச் சிராய் அவளுக்கு. எதிர்க் குன்றிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரியும்.

ஜாவாக்காரர்களின் தலைவர் பாக் மான், "ஜாங்கான் மாசோக்! மாத்தி நந்தி!" என்று எங்களை விரட்டுவார். நுழையாதே, செத்துப்போவாய் என்று அர்த்தம். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. குன்றின் நடுவில் ஒரு துவாலாங் மரம். கிளையெல்லாம் தேனடை. பேய் குடியிருக்கும் மரமாம், அதில் மட்டும் கோடரி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். துரை முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். அதன் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் சுவராக இறங்கியிருக்கும். நான் அதனடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன் ஒருநாள். உச்சி தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கிராஷ் நாளில் வேலை கிடையாது. தோட்டமே எதிர்க் குன்றில் கூடிவிட்டது. மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி, உள்ளே யாரும் இருக்கக்கூடாது என்று எச்சரித்தார்கள். அக்காவைக் காணோம். முத்தன் மாமாவைக் கேட்டேன். "தலவலின்னு லயத்து வீட்டுல படுத்திருக்கா," என்றார். எனக்கு உறுத்தியது. சாய்ந்த காட்டைக் காயவிட்டுக் கொளுத்திவிடுவார்கள். காலையில்தான் அவள், "இன்னிக்கு விட்டா அம்புட்டுச் சிராயும் தீக்குத்தான் போவும்டி," என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று முந்திக்கொண்டால் காடு கண்டபடி சாயும் என்று பாக் மான் அவசரப்பட்டார். உச்சியில் கோடரிகள் விழத் தொடங்கின. அப்போது குன்றின் நடுவில் ஒரு சிவப்பைப் பார்த்தேன்.

"அங்க யாரோ இருக்காங்க," என்றேன்.

"துணி புள்ள அது," என்றார் கங்காணி. "நீங்க கட்டி வெச்ச கந்தல்தான். நல்லாப் பாரு, குன்னு பூரா பொம்பளயாத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் நல்லாப் பார்த்தேன். அந்தக் கந்தல் குனிந்து நிமிர்ந்தது.

அக்கா என்று கத்தினேன். பிறகு எல்லாரும் கத்தினார்கள். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. குரல் ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை. தகரத்தை உடைகிற மாதிரி தட்டினார்கள். துரை தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே ஓடைவரை ஓடினார். பள்ளத்தில் பாய்ந்த முத்தன் மாமாவை மூன்று பேர் பிடித்து அமுக்கினார்கள். உச்சியில் பாக் மானுக்கு விஷயம் புரிந்து கோடரிகள் நின்றன. ஆனால் மரம் நிற்கவில்லை. உள்நார் ஒவ்வொன்றாக அறும் சத்தம் பள்ளத்தைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. கிராஷ் மரம் மெதுவாக, மிக மெதுவாகத் தலையைச் சாய்த்தது.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருநாளும் சரியாக வந்ததில்லை. முதலில் சத்தமே இல்லை. பச்சை மட்டும் நகர்ந்தது. குன்று தன் தோலை உரித்துக் கீழே தள்ளுவதுபோல இருந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. அது காதில் கேட்கவில்லை, காலிலும் வயிற்றிலும் கேட்டது. பிள்ளைகள் அழ மறந்துவிட்டார்கள். என் உயிர் அங்கே உள்ளே இருக்கிறது, அப்படியும் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடத் தோன்றவே இல்லை.

முடிந்தபோது அங்கே வானம் இருந்தது. அதுவரை அந்தப் பக்கம் வானம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இலைத்தூள் புகையாக எழும்பியது. பிளந்த மரத்தின் வாசனை பள்ளத்தைத் தாண்டி வந்து எங்களை மூடியது. துவாலாங் மட்டும் கிளைகள் முறிந்து தனியாக நின்றது.

ஜாவாக்காரர்கள் மேலிருந்து கிளைகளை வெட்டி வழிசெய்துகொண்டு இறங்கினார்கள். பாக் மான் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். துவாலாங் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன். மொதல்ல இந்தக் கூடய வாங்குங்க."

உச்சி மரம் சாய்வதைப் பார்த்ததும் அவள் ஓடாமல், அந்தப் பலகை வேர்களின் பள்ளத்துப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மேலிருந்து வந்த மரமெல்லாம் அந்த வேர்களில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போயிருக்கிறது. தேனீ கொட்டி முகம் வீங்கியிருந்தது. வேறு ஒரு கீறல் இல்லை. சிராய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வந்தபோது துரை வழிவிட்டு ஒதுங்கி நின்றார். முத்தன் மாமா அவளை அடிக்கக் கையை ஓங்கி, முடியாமல் அழுதார்.

எப்படியிருந்தது என்று பிறகு கேட்டேன்.

"உள்ளாற இருந்து பாத்தா வுழுந்த மாதிரியே இல்லடி," என்றாள். "வானம் எந்திரிச்சு வந்தாப்ல இருந்துச்சு."

அகராதியில் கடைசியாகப் போட்டிருந்த அர்த்தம் சில வருஷம் கழித்து எங்களுக்கு விளங்கியது. ரப்பர் விலை விழுந்தது. பால்வெட்டு நின்ற தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எனக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பள்ளி வாத்தியார். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அவர் வேலை தப்பியது. அக்காவும் மாமாவும் போகவேண்டியவர்கள் பட்டியலில் இருந்தார்கள்.

போன தீபாவளிக்குப் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். ரப்பர் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. துவாலாங் எப்போதோ பட்டு விழுந்திருக்கும். எது அந்தக் குன்று என்றே தெரியவில்லை. குன்று போனால் போகட்டும்.

அவர்கள் கிளம்பிய அன்று குளுவாங் ஸ்டேஷனில் அக்கா என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். இரண்டு வாழைப்பழம். "வீட்டுக்குப் போற வழியில பசிக்கும், தின்னுடி," என்றாள். கப்பல் பயணம் போகிறவள் அவள். அந்தக் காட்டின் முன்னால் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, ரயில் நகர்ந்தபோது அக்கா என்று ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் சண்டை வந்து, ஜப்பான்காரன் வந்து, எல்லாம் அறுந்துபோயிற்று. அவள் ஊர் போய்ச் சேர்ந்தாளா என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.