அக்கா சொன்ன உண்மை

டென்மார்க்கில் தமிழர் வழக்கு என்றால் என் வயதுக்காரருக்கு ஓர் அமைச்சரின் முகம்தான் ஞாபகம் வரும். இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கப் போட்ட விண்ணப்பங்களை அவர் கிடப்பில் போட வைத்ததையும், அது வெளியே வந்து கடைசியில் அரசாங்கமே கவிழ்ந்ததையும் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். முடிவில் நீதி வென்றது என்றார் ஆசிரியை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடப்பில் கிடந்தவற்றில் எங்களுடையதும் ஒன்று. நீதி வென்ற நேரத்தில் என் அக்கா வவுனியாவில் இருந்தாள்.

அக்கா என் பெரியப்பாவின் மகள். இதை எழுதக் கை கூசுகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதேயில்லை. பெரியம்மா பிரசவத்தில் போய்விட்டார். பெரியப்பா அடுத்த வருடமே காய்ச்சலில் போனார். கலியாணம் முடித்து வந்த அன்றே அம்மாவின் இடுப்பில் பிள்ளை ஏறிவிட்டது என்று ஊரில் பகிடி பண்ணுவார்களாம். பிறகு நான் பிறந்தேன், தம்பி பிறந்தான். மூன்று பேருக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே சீப்பு, ஒரே திட்டு.

அப்பா கோப்பன்ஹேகனில் வந்து இறங்கியபோது எத்தனை பிள்ளைகள் என்று பொலிஸ்காரர் கேட்டார். மூன்று என்றார் அப்பா. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிறகு அவரை ஸ்கீவ என்ற சிறு நகரத்துக்கு அனுப்பினார்கள், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்களை அழைப்பதற்காகப் பிறப்புச் சான்றிதழ்களைக் கொடுத்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. இரண்டில் அப்பாவின் பெயர் இருந்தது, ஒன்றில் அவருடைய அண்ணனின் பெயர். பெற்ற பிள்ளைக்கும் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும்தான் இங்கே வர உரிமை. அண்ணன் மகளுக்கு அது இல்லை. கூட இருந்த ஒருவர், ஊரில் ஆள் பிடித்து முறைப்படி தத்தெடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறார். அப்பா அவரோடு சண்டைக்குப் போய்விட்டார்.

"என்ர பிள்ளையை நானே தத்தெடுக்கிறதோ?"

கோபம் ஆறி அவர் சம்மதித்தபோது ஊரில் போர் முற்றி, எங்கள் பக்கத்தில் நீதிமன்றம் திறப்பதே அருமையாகிவிட்டது. விண்ணப்பமோ அமைச்சரின் புண்ணியத்தில் அசையாமல் கிடந்தது.

நாங்கள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தோம். அங்கே எல்லாரும் வெளிநாட்டுக்குக் காத்திருந்தவர்கள், ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். ஒரு பொய் பிடிபட்டால் முழுக் குடும்பத்தையும் தள்ளிவிடுவார்கள் என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னதை அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். அம்மாவும் விடாப்பிடி. வந்தால் மூன்று பிள்ளைகளோடுதான் வருவேன் என்று அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

கடைசியில் கிடப்பில் இருந்தவை அசையத் தொடங்கின. எங்களையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு டெனிஷ் அதிகாரி, பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மூன்று பேரும் உங்கள் பிள்ளைகளா என்று அம்மாவிடம் கேட்டார்கள். ஓம் என்று சொல்ல அம்மா வாயெடுக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

"இவ என்ர அம்மா இல்லை. சின்னம்மா. என்ர அம்மா செத்திட்டா."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. திரும்பி வந்த பஸ்ஸில் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் அனுமதி வந்தது. அம்மா மாட்டேன் என்றாள். தம்பியை இந்தச் சண்டைக்குள் வைத்திருக்கப் போகிறீர்களா என்று அக்காதான் நாள் முழுக்கக் கரைத்தாள். போய்ச் சேர்ந்ததும் எப்படியும் கூப்பிட்டுவிடலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு அம்மா விமானம் ஏறினாள். அக்கா வவுனியாவில் தன் தாய்மாமன் வீட்டுக்குப் போனாள்.

கூப்பிட முடியவில்லை. தத்தெடுப்பு இழுபட்டு இழுபட்டு, அவளுக்குப் பதினெட்டும் தாண்டிவிட்டது. சிறு வயதில் வந்தவர்கள் என்று எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூடம், பல்வைத்தியர், பிறகு குடியுரிமை என்று எல்லாம் கிடைத்தன. அதே சட்டம்தான். அதன்மேல் எனக்கு நன்றியும் உண்டு, ஆத்திரமும் உண்டு, இரண்டும் இன்றுவரை தீரவில்லை.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது ஸ்கீவவில் நாங்கள் வந்திறங்கிய வாரம்தான். அக்கா வவுனியாவில் தொலைபேசி இருந்த ஒரு கடைக்கு வந்து காத்திருப்பாள் என்று சொல்லி, அப்பா இலக்கங்களைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். லைன் கிடைத்ததும் அம்மா ரிசீவரைப் பறித்தாள். நானும் அதில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"சின்னம்மா, பயணம் சுகமா இருந்ததோ?"

விசாரணைக்காகச் சொன்ன வார்த்தை அந்த அறையோடு போய்விட்டது என்றுதான் அம்மா நினைத்திருந்தாள்.

"இப்ப இஞ்ச ஒருத்தரும் விசாரிக்கேல்லை, பிள்ளை. அம்மா எண்டு சொல்லு."

"வேண்டாம். ஆரும் கேட்டால் நீங்களும் ரெண்டு பிள்ளையள் எண்டே சொல்லுங்கோ. மாத்திச் சொன்னால் தம்பியாக்களுக்குத்தான் கரைச்சல்."

அம்மா ரிசீவரை அப்பாவிடம் நீட்டிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். அப்பா ஊரைவிட்டு வந்து வருடங்களாகியிருந்தன, அக்காவின் குரலை நன்றாகக் கேட்க வேண்டும் என்று சிரித்தபடி காதோடு அழுத்திப் பிடித்தார்.

"சித்தப்பா" என்றாள் அக்கா.

அவள்தான் என்று தெரிந்தும், "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார் அப்பா.