பந்தை நிறுத்திய கை

கோல் போட்டவன் பெயரைத்தான் ரேடியோ சொல்லும். பந்தை நிறுத்திக் கொடுத்தவனை யார் கேட்டார்கள்? இந்திய ஹாக்கி அணியில் உச்சிமாகாளிக்கு வாய்த்ததோ நிறுத்துகிற வேலை. பெனால்டி கார்னர் கிடைத்தால் ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான். உச்சிமாகாளி கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்து விளிம்பில் குனிந்து அதை வெறுங்கையால் தரையோடு அமுக்க வேண்டும். அவன் கையை எடுத்ததும் பஞ்சாப்காரன் ஹர்பால் மட்டையை வீசுவான். கோல் விழுந்தால் எல்லாரும் ஹர்பாலைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள்.

எழுபத்தொன்பதில் அணி மலேசியாவில் ஆடியது. அவன் அப்பா நல்லக்கண்ணு புதூர்ப் பக்கம் பருத்தி போடுகிற சம்சாரி. அப்துல் சுபஹானின் சைக்கிள் கடை ரேடியோ முன்னால் அத்தனை நாளும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பம்பாயில் இருந்துவிட்டு வந்த சுபஹானுக்கு இந்தி அத்துப்படி.

"என்ன பாய் சொல்லுதான்?"

"ஹர்பால் கோல் போட்டுட்டானாம்."

"நம்ம பய?"

"அவன் பேரு வரலியே அண்ணாச்சி."

மகன் ஊர் வந்து சேர்ந்ததும் நல்லக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார். "ஏலே, பேரு சொல்லாத வெளையாட்டுக்கு எதுக்குலே ஊர் ஊராப் போற? புரட்டாசில பருத்தி வெதைக்கணும். வீட்டோட இரு."

உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் கலங்குகிற ஆளில்லை. "மே மாசம் கோவில்பட்டிக்கே எங்க டீம் காட்சி ஆட்டம் ஆட வருது. ஒரே ஒரு தரம் வந்து பாருங்கய்யா. பொறவு நீங்க சொல்லுதபடி கேக்கேன்" என்றான்.

கோடையில் கரிசல் மைதானம் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் விரலை விடலாம். நல்லபிள்ளையாக உருண்டு வருகிற பந்து திடீரென்று மூஞ்சிக்கு எகிறும். புல்தரையிலேயே ஆடிப் பழகிய ஹர்பால் அன்று திண்டாடிப்போனான். எதிரே சென்னை அணி. கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது கிடைத்தது ஒரு பெனால்டி கார்னர்.

இந்தத் தரையில் பந்து நிற்காது, வேறு யாருக்காவது தள்ளிவிடலாம் என்று ஹர்பால் இந்தியில் புலம்பினான்.

"நிக்கும்" என்றான் உச்சிமாகாளி. தமிழில்தான் சொன்னான். ஹர்பால் மட்டையை ஓங்கித் தயாரானான்.

பந்து பாதி வழியில் வெடிப்பில் பட்டு எகிறியது. இந்த மண் செய்கிற சேட்டையெல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதென்ன பெரிய விஷயம்! அந்தரத்திலேயே அறைந்து தரையில் அமுக்கினான். கை விலகியதா இல்லையா என்று தெரிவதற்குள் ஹர்பாலின் மட்டை அங்கே இறங்கியது. கோல் பலகை அதிர்ந்தது.

கூட்டம் ஹர்பால் பெயரைச் சொல்லிக் கத்தியது. சுபஹானோடு ஆட்டம் பார்க்க வந்திருந்த நல்லக்கண்ணு கோல் பக்கமே திரும்பவில்லை. பதறி எழுந்து, மகனுக்குக் கை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அவருக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

"என்னமா அடிச்சான் பாத்தியளா அண்ணாச்சி!" என்றார் பக்கத்தில் நின்ற சுபஹான்.

"அடிச்சவன் கெடக்கான் பாய். நிறுத்துனவன் எம் மவன்!" நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படிதான் சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மகனுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் கிழிந்திருந்தது. சுண்டுவிரல் எப்போதோ அடிபட்டுக் கோணியிருந்தது. இதை அவர் இத்தனை நாள் கவனித்ததே இல்லை.

"அய்யா, புரட்டாசிக்கு..." என்று இழுத்தான் உச்சிமாகாளி.

"வெதைக்க நான் ஆள் பாத்துக்கிடுதேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு பருத்திக் காட்டுப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சுப் போடுவேன்" என்றார் நல்லக்கண்ணு. பிடித்த கையை அவர் விடவில்லை.