என் மூக்கும் அண்ணனின் ஒரே லென்ஸும்

என் அண்ணன் வெள்ளத்துரை ராயபுரத்தில் ஏழு வருஷம் ரோட்டில் நின்றே போட்டோ பிடித்தான். ஸ்டூடியோ ரோட்டுக்கு இந்தப் பக்கம், காமிரா அந்தப் பக்கம். நடுவில் மாட்டுவண்டி, கைவண்டி, ரிக்‌ஷா, துறைமுகத்துக்குப் போகிற லாரி எல்லாம் போய்வந்துகொண்டிருக்கும். பார்த்தவர்கள் கிறுக்கன் என்றார்கள். எனக்கு அதில் பெரிய மறுப்பு கிடையாது. ஆனால் அந்தக் கிறுக்குக்குக் காரணம் என் மூக்கு என்பது எங்கள் வீட்டையும் ஒரு வண்டிக்காரரையும் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது.

எங்கள் அப்பா ராசையா சாத்தான்குளத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்தவர். அண்ணன் மூத்த பிள்ளை, மண்டிக்கு வாரிசு. சாமி அவனுக்கு எல்லாம் கொடுத்தது, மிளகாய் நெடியைத் தாங்குகிற மூக்கை மட்டும் கொடுக்கவில்லை. மூட்டையை அவிழ்த்தால் தும்முவான். தராசைத் தொட்டால் தும்முவான். ஒருநாள் பெரிய வியாபாரி ஒருவர் வந்திருந்தபோது, அவர் வாயைத் திறந்து விலை கேட்கவே விடாமல் தும்மித் தீர்த்துவிட்டான். அவர் எழுந்து அடுத்த மண்டிக்குப் போய்விட்டார்.

"ஏலே, நீ தும்மியே மண்டிய மூடிருவ போலிருக்க. எங்கயாவது போய் ஒரு தொழிலப் பாருல" என்றார் அப்பா.

அவன் அதிக தூரம் போகவில்லை. மண்டியை ஒட்டிக் காலிச் சாக்கு போட்டுவைக்கிற அறை ஒன்று இருந்தது. ரோட்டைப் பார்த்த வாசல், உள்ளே பத்தடி நீளம். அதைக் கழுவிவிட்டு ஸ்டூடியோ என்று போர்டு மாட்டினான். நாற்பத்தேழாம் வருஷம் அது. வெள்ளைக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த நேரம். அப்படி எவனோ விட்டுவிட்டுப் போன மரக் காமிரா ஒன்று மூர் மார்க்கெட்டில் அண்ணன் கைக்கு வந்தது. கூடவே பெட்டியில் மூன்று லென்ஸ். சின்னது எலுமிச்சம்பழம் அளவு, பெரியது பித்தளைச் செம்பு அளவு, நடுவில் ஒன்று.

சின்ன லென்ஸ் பக்கத்தில் நின்றே முழு ஆளையும் பிடித்துவிடும். பத்தடி அறைக்கு அதுதான் தோது. பெரிய லென்ஸுக்கு ஆள் எட்டப் போக வேண்டும். அதனால் அண்ணன் சின்னதை மாட்டிக்கொண்டு தொழிலை ஆரம்பித்தான்.

டச்சிங் வேலை என்னுடையது. நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விழச் செய்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தைத் திருத்த வேண்டும். பருவை எடுப்பேன், அம்மைத் தழும்பை எடுப்பேன், கிழவருக்குப் பத்து வயசு குறைப்பேன். மூக்கு மட்டும் என் பென்சிலுக்கு அடங்காது. அதில் கைவைத்தால் முகமே வழித்த தோசைக்கல் ஆகிவிடும்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயசு. வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஊர்ப்பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும். வீட்டிலேயே ஸ்டூடியோ இருக்கும்போது வெளியே எதற்குப் போவது? அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டி, கையில் புத்தகத்தோடு உட்கார வைத்து, அண்ணனே எடுத்தான். மூன்று இடத்துக்கு அனுப்பினார்கள். மூன்றும் திரும்பி வந்தன. முதல் கடிதத்தில் பெண்ணுக்கு மூக்கு சற்று எடுப்பு என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் நட்சத்திரம் சேரவில்லை என்றார்கள், அவர்களாவது நாகரிகம் தெரிந்தவர்கள். மூன்றாவதில், "பெண் லட்சணமாக இருக்கிறாள். மூக்குதான் கொஞ்சம்..." என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று புள்ளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். கூலிக்கு வண்டி ஓட்டுகிற ரஹீம் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறாரே என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. போட்டோவை அண்ணன் மேல் விசிறி எறிந்தேன்.

"மண்டிக்குத்தான் லாயக்கில்லன்னு பாத்தா, இதுக்கும் லாயக்கில்லயா? இதா என் மூக்கு? இதா?"

அண்ணன் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். என்னையும் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"உன் மூக்குல தப்பில்லட்டி. லென்ஸு சரியில்ல" என்றான்.

சொன்னதோடு விடவில்லை, நிரூபித்தும் காட்டினான். ரஹீமை அப்படியே உட்காரச் சொல்லி, சின்ன லென்ஸை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கறுப்புத் துணிக்குள் என்னைப் பார்க்கச் சொன்னான். அந்தக் காமிராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ரஹீமும் தலைகீழாகத் தொங்கினார், மூக்கு கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பிறகு பெரிய லென்ஸை மாட்டி, காமிராவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் வைத்து மறுபடி கூப்பிட்டான். இப்போதும் ரஹீம் தலைகீழ்தான், ஆனால் மூக்கு அடக்க ஒடுக்கமாக அதன் இடத்தில் இருந்தது.

"பாத்தியா? கிட்டப் போனா எது முன்னால நிக்கோ அது வீங்கும். எட்ட நின்னா உள்ளது உள்ளபடி விழும்."

அங்கேயே சின்ன லென்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டான். "உடைக்கணும்னா உடைச்சுக்கோ. இனிமே எனக்கு எல்லாப் படத்துக்கும் இந்தப் பெரிய லென்ஸு ஒண்ணுதான்." நடு லென்ஸைக் கொடுத்து அதற்குப் பதிலாக ஒரு நல்ல மூன்றுகால் ஸ்டாண்டை வாங்கிக்கொண்டான். சபலத்துக்கு வழியே வைக்கவில்லை.

நான் லென்ஸை உடைக்கவில்லை. டச்சிங்குக்குப் பூதக்கண்ணாடியாக வைத்துக்கொண்டேன். என் மானத்தை வாங்கியதற்கு அது எனக்குக் கூலியில்லாமல் உழைக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் இனி உன் காமிரா முன்னால் உட்காரமாட்டேன் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப்புடவையில் என்னைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு தடவ உக்காந்து பாரேன்" என்று கேட்பான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். படம் இல்லாமல் ஊரில் வரன் பேச ஆளில்லை. நான் உட்காராமல் படம் இல்லை. ஏழு பொங்கல் போயிற்று. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே குடியேறினான். நாற்காலியில் ஆளை உட்கார வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி ஓடி, அங்கிருந்து கத்துவான். வீட்டில் சாத்தான்குளமாகப் பேசுகிறவன் வாசலைத் தாண்டினால் ராயபுரம் ஆகிவிடுவான்.

"நைனா, தலைய ஆட்டாம குந்து! இன்னாத்துக்கு மொறைக்கிற?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே மாடு வரும். எங்கள் ஆல்பத்தில் பல கனவான்களுக்கு மாட்டு வால் மீசையாக விழுந்திருக்கிறது. பிறகு ரஹீம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தன் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, "தோஸ்து போட்டா பிடிக்குது, கண்ணு தெர்ல? நில்லுப்பா!" என்று லாரிக்காரனையே நிறுத்துவார்.

துக்க வீட்டுப் படம்தான் பெரிய கூத்து. அப்போதெல்லாம் இறந்தவரை நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது வழக்கம். சந்துக்குள் இருக்கிற வீடுகளில் இந்த லென்ஸுக்கு இடம் எங்கே? இறந்தவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். அழுகிறவர்கள் எல்லாம் ஆடி அசைந்து மங்கலாக விழுவார்கள், இறந்தவர் மட்டும் அத்தனை தெளிவாக இருப்பார். இவ்வளவு தொல்லையிலும் ஆட்கள் அண்ணனைத் தேடித்தான் வந்தார்கள். அவன் எடுத்தால் மூக்கு ஒழுங்காக விழும் என்று பேராகிவிட்டது.

ஐம்பத்து நாலில் காத்திவாக்கத்திலிருந்து கோதண்டம் வந்தார். கடல் தொழில்காரர். மகன் கல்யாணத்துக்குக் குப்பம் முழுக்க ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்றார். பெண்களுக்குப் புடவை சரிசெய்து நிறுத்த ஆள் வேண்டுமென்று அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

எழுபது பேரைக் கடலைப் பார்த்து நிறுத்தினோம். பின்னால் குடிசைகள். அண்ணன் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான், இருபது பேர்தான் தெரிந்தார்கள். பின்னால் போனான், நாற்பது பேர். இன்னும் போனான், கால் நனைந்துவிட்டது. எழுபது பேரும் வேண்டுமென்றால் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும்.

"வேற கண்ணாடி ஒன்னு இட்டாந்திருக்கலாம்ல நைனா?" என்றார் கோதண்டம்.

"என்கிட்ட ஒன்னுதான் கீது."

"ஒன்ன வச்சுக்கினு எப்டி பொழைக்கிற நீ?"

கட்டுமரக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப் போட்டுவிடுவார்கள். கோதண்டம் ஒரு குரல் கொடுத்தார். காய்ந்துகொண்டிருந்த மரங்களை நாலு பேர் தூக்கி வந்து, அலைக்குள் மணலில் குத்திப் புதைத்து, குறுக்கே இரண்டைக் கட்டி, அரை மணியில் ஒரு பரண் போட்டுவிட்டார்கள். அதன் மேல் காமிரா, அதைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன், அவனைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். வங்காள விரிகுடாவில் ஸ்டூடியோ வைத்த ஒரே ஆள் அவன்தான்.

படம் எடுக்கப்போகிற நேரத்தில் கோதண்டத்தின் அக்கா செல்லம்மா முன்னால் வந்து நின்று மாப்பிள்ளையை மறைத்துவிட்டார். நான் வரிசையின் ஓரத்து மணல்மேட்டில் நின்றுகொண்டு, "ஆயா, நகருங்க! மாப்பிள்ள தெரியல!" என்று பக்கவாட்டில் திரும்பிக் கத்தினேன். அந்த நேரத்தில் அண்ணன் படம் பிடிக்கிற ரப்பர் பந்தை அழுத்திவிட்டான். அடுத்த நொடி ஒரு அலை வந்து கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு போனது. காமிராவை அந்த நாலு பேரும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். அண்ணனைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அந்த நெகட்டிவைப் பலகையில் வைத்தேன். எழுபது முகங்களையும் சின்ன லென்ஸ் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தேன். நெகட்டிவில் வானம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பில், வாயைப் பிளந்துகொண்டு, வெளுப்பாக ஒருத்தி நின்றாள். வரைந்து வைத்தது மாதிரி ஒரு மூக்கு. பெரிய மூக்கு. எங்கள் அப்பாவின் மூக்கு, அப்படியே.

அறுபதடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உள்ளது உள்ளபடி எடுக்கிற லென்ஸில் எடுத்தது. குற்றம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஏழு வருஷமாகப் பழி சுமந்த சின்ன லென்ஸ் என் கையிலேயே இருந்தது, அதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டைத் தாண்டிப் போனேன். அண்ணன் வெயிலில் நின்று ஸ்டாண்டில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. பிறக்கும்போது அவன் சிவப்பு என்று அம்மா சொல்லுவாள்.

"என் மூக்கு பெருசுதானா?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பெருசுதான்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"நீ தொட்டில்ல கிடக்கும்போதே தெரியும்."

"பொறவு எதுக்கு லென்ஸு மேல பழி போட்ட? எதுக்கு ஏழு வருசம் ரோட்டுல நிக்க?"

"நீ அழுதேல்லா" என்றான். துணியை உதறிக்கொண்டே, "உன்கிட்ட உண்மையச் சொல்லுததுக்கு வெயில்ல நிக்கது லேசுட்டி" என்றான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. நடுரோட்டில் இரண்டையும் செய்ய முடியாது. சின்ன லென்ஸை அவன் கையில் வைத்தேன்.

"இத மாட்டு. உள்ள வா. நான் உக்காருதேன்."

"இதுல இன்னும் பெருசால்லா விழும்?"

"விழட்டும். அதப் பாத்துட்டு எவன் வாரானோ அவன் வரட்டும்."

அந்தப் படம் திருவொற்றியூரில் பாத்திரக்கடை வைத்திருந்த மாசானத்தின் வீட்டுக்குப் போனது. அடுத்த வாரமே அவர் பெண் பார்க்க வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"படத்துல பாத்ததுக்கு நேர்ல சின்னதாத்தான இருக்கு?" என்றார்.

அண்ணன் தும்மினான். அன்றைக்கு மண்டி பூட்டிக் கிடந்தது, மிளகாய் நெடியே இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் நானும் அவரும் ஸ்டூடியோவில் ஜோடியாக உட்கார்ந்தோம். சின்ன லென்ஸ் பழையபடி என் பெட்டிக்கு வந்துவிட்டது. காமிராவும் அண்ணனும் பழையபடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மற்றவர்கள் மூக்கெல்லாம் அங்கிருந்து எடுத்தால்தான் சரியாக விழுகிறது, என்ன செய்ய என்றான். ரஹீம் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஏட்டி, நேராப் பாரு!" என்று அண்ணன் அங்கிருந்து கத்தினான்.

நான் வேண்டுமென்றே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன்.